வண்டியில் டீசல் இருந்தது, அம்மா

என் அம்மா செல்விக்கு,

நடந்தது எல்லாவற்றையும் இதில் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பிடித்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடவும் மாட்டேன். நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் படிப்பார்கள். அதற்காகத்தான் உறையில் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன். செங்கம் ரோட்டில் உன்னோடு டாக்ஸி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, உன் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நான் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டேன். தமிழில் நீ எதிர்பார்த்த மதிப்பெண். கணக்கில் நீ எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல மதிப்பெண். இப்போது பதினொன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது. அப்பா சமைக்கிறார். ரசம் நன்றாக வருகிறது, குழம்பு வரவில்லை.

உன் போனை நான் வைத்திருக்கிறேன். இன்னும் அதற்கு அழைப்பு வருகிறது. போன வாரம் ஒரு வெளிநாட்டு அம்மா, "செல்வி, ஏர்போர்ட்?" என்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அப்பா ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் மேலாளர். அங்கே தனியாக வந்து தங்கும் பெண்கள், விமான நிலையத்துக்குப் போக ஒரு பெண் டிரைவர் கிடைப்பாரா என்று கேட்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய். அப்பா சவாரி பிடித்துக் கொடுப்பார், நீ ஓட்டுவாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினோம். வெள்ளை நிறம், மஞ்சள் பலகை. எங்களுக்கு முன்னால் அதை யார் ஓட்டினார்கள், எவ்வளவு ஓட்டினார்கள், எங்களுக்குத் தெரியாது.

வண்டி வந்த அன்றைக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்திப் பூசை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீ வண்டியை முன்னால் எடுத்தாய், பழம் நசுங்கியது, அப்பா கைதட்டினார். "இன்னிக்குத்தான் இது பொறந்துச்சுனு வச்சுக்கோ," என்றார். அதற்குப் பிறகு அதன் வயதை அந்த நாளிலிருந்துதான் வீட்டில் எல்லோரும் கணக்கிட்டோம். ஆர்.சி. புத்தகத்தில் உண்மையான வயது இருந்தது. அதைச் சொல்லி யாரும் கணக்கிடவில்லை. இந்த ஊரில் பூசை போட்ட வண்டி புது வண்டி. கண்ணாடியில் கீறல் இருந்தாலும் புது வண்டிதான்.

போன ஐப்பசியில் ஆயில் மாற்றுவதற்கு அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் சலீம் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கூட வந்தேன். பாய் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"செல்விம்மா, டைமிங் பெல்ட்டு எப்ப மாத்தினது?"

"தெரியலயே பாய். மீட்டர்ல கம்மியாத்தான காட்டுது."

"மீட்டரை வுடு. லேப்டாப் ஒண்ணு இருந்தா போதும், மீட்டரைக் கொறச்சு கெழட்டு வண்டியைக் கொமரி ஆக்கிடுவானுங்க. மாத்தின ரசீது ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்ல பாய்."

"எப்ப மாத்தினதுனு தெரியலன்னா மாத்தவே இல்லன்னுதான் வச்சுக்கணும்."

அதென்ன பெல்ட் என்று நான் கேட்டேன். பாய் கையிலிருந்த ஸ்பேனரால் காற்றில் வரைந்து காட்டினார். இன்ஜினுக்குள் மேலே வால்வுகள், கீழே பிஸ்டன்கள். ஒன்று மேலே வரும்போது மற்றது வழிவிட வேண்டும். அந்த முறை தப்பாமல் இரண்டையும் ஆட்டிவைப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே செத்துவிடும். "சத்தம் குடுக்குமா பாய், முன்னாடியே?" என்று நீ கேட்டாய். "பாதி வண்டிங்க குடுக்காது," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியின் டேஷ்போர்டில் இருந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துவரச் சொன்னாய். நான் தேடிப் படித்துத் தமிழில் சொன்னேன். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். "ஓடாம நின்னாலும் கெட்டுப்போவுமா?" என்றாய். ரப்பர் அல்லவா, நின்றாலும் இறுகிப்போகும் என்றேன்.

அப்பா வந்ததும் கேட்டாய். நீங்கள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இன்னாங்க, வண்டியை ரெண்டு மூணு நாள் பாய்கிட்ட வுடணும். சாமான் சென்னையிலேருந்து வரணுமாம்."

"இப்பவா? பௌர்ணமி வருதே செல்வி. சவாரி ஒத்துக்கினு இருக்கேன்."

"பெல்ட்டு அறுந்துச்சுன்னா இன்ஜினே போயிடுமாம்."

"ரெண்டு வருச வண்டிக்கு எங்கயாவது பெல்ட்டு அறுமா?"

"நம்மகிட்ட வந்து ரெண்டு வருசம். அதுக்கு முன்னாடி?"

"பாய்க்கு வேலை கம்மியா இருக்கும், அதான் சொல்றாரு. பௌர்ணமி போவட்டும், பாத்துக்கலாம்."

மற்ற ஊர்களில் பௌர்ணமி என்றால் நிலா. இங்கே அது வேலை. விடுதியில் அறை இருக்காது, டாக்ஸி கிடைக்காது, கிரிவலம் வருகிறவர்களைக் கூட்டிவந்து விடவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் வண்டிகள் போதாது. அந்த நேரத்தில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் போட்டால் பைத்தியம் என்பார்கள். எல்லா டிரைவர்களும் "பௌர்ணமி போவட்டும்" என்றுதான் சொல்வார்கள். டயர் தேய்ந்தாலும் அதுதான், பல் வலித்தாலும் அதுதான்.

அந்தப் பௌர்ணமி போனது. அடுத்து கார்த்திகை தீபம் வந்தது. தீபம் போகட்டும் என்றார் அப்பா. தீபமும் போனது, வெளிநாட்டுக்காரர்கள் வரும் மாதங்கள் தொடங்கின. சீசன் முடியட்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் நான் எழுத வேண்டும் இல்லையா?

மார்கழியில் நீ தனியாகப் போய் பாயிடம் மறுபடியும் காட்டினாய். அவர் மேல் மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தாராம். "வெடிப்பு ஒண்ணும் தெரியல. இப்போதைக்கு ஓடும். ஆனா நான் கேரண்டி சொல்லமாட்டேன்," என்றாராம். நீ வந்து அதை அப்பாவிடம் சொன்னாய். அப்பா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "ஓடும்னு பாயே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா," என்றார்.

இதையும் எழுதத்தான் வேண்டும் அம்மா. அன்றைக்கு நீயும் சரி என்றாய். மாசியில் கூட்டம் குறைந்ததும் போட்டுவிடலாம் என்றாய். சென்னைக்குப் போய்த் திரும்பியிருந்தாய். சாப்பிடாமல் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாய். களைப்பில் சொன்னாயா, அல்லது நம்பித்தான் சொன்னாயா? நான் உன்னிடம் கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

தை மாதம். விமான நிலையத்தில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டு நீ திரும்பி வந்துகொண்டிருந்தாய். செஞ்சியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், பனி மூட்டம். வண்டி நின்றுவிட்டது என்று நீ அப்பாவுக்குப் போன் செய்தாய். பிறகு இறங்கி, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக வைப்பார்களே அந்தச் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு சாலையோரமாக நடந்தாய். லாரி உன்னைப் பார்க்கவில்லை. லாரி டிரைவர் ஓடிப்போகவில்லை. அவரேதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்களில் ஏழுமலை அண்ணன்தான் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். பந்தல் போட ஆள் வைத்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார். இடையில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாண்ணா ஆச்சு? டீசல் தீந்துடுச்சா?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, அழுகையில் தலை ஆடியதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேச்சு அங்கிருந்துதான் புறப்பட்டது. காரியம் முடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. செல்வி டீசல் போடாமல் வந்திருக்கிறாள். பங்க்கில் வரிசை இருந்தால் நிற்கமாட்டாள். பொம்பளைக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும், டீசல் முள்ளைப் பார்க்கத் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிசம் நின்னு டீசல் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா கண்ணு?" என்றார்கள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சென்னைக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலமே நீ டேங்க்கை நிரப்பிவிடுவாய். திரும்பி வருவதற்கு அது போதும். உன்னோடு பங்க்குக்கு வந்து, நீ இறங்கி நின்று மெஷினில் பூஜ்யத்தைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்பிக்கை இல்லை என்பது ஆதாரம் ஆகாது. பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் நூலகப் புத்தகம் ஒன்று, பாய் இழுத்துவந்து நிறுத்தியிருந்த காரின் பின் சீட்டில் கிடந்தது. தேர்வு முடிந்த பிறகு, சித்திரை வெயிலில், அதை எடுக்கப் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வண்டி ஓரமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பாய் தார்ப்பாயை விலக்கி, கதவைத் திறந்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

புத்தகத்தை எடுத்தேன். அப்புறம் உன் இடத்தில் உட்கார்ந்தேன். நீ காட்டிக் கொடுத்தபடி சாவியைக் கொஞ்சம் மட்டும் திருப்பினேன். பேட்டரிக்குப் பாய் சார்ஜ் போட்டு வைத்திருந்தார் போல. விளக்குகள் எரிந்தன. டீசல் முள் மெல்ல எழுந்து, பாதியில் வந்து நின்றது.

சாவியை அணைத்துத் திரும்பவும் போட்டேன். மறுபடியும் பாதி.

"பாய், இதுல நீங்க டீசல் போட்டீங்களா?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு பாப்பா டீசல் போடப்போறேன்."

"அப்ப எதுக்கு நின்னுது?"

அவர் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த ஒரு கறுப்புப் பட்டையை எடுத்துவந்தார். அறுந்திருந்தது. சில இடங்களில் பல்லே இல்லை, வழுவழுவென்று இருந்தது. நான் கையில் வாங்கிப் பார்த்தேன். என் விரல் எல்லாம் கறுப்பானது.

"உங்கப்பாகிட்ட அப்பவே காட்டிட்டேன்," என்றார். "யார்கிட்டயும் சொல்லாத பாய்னாரு. மனுசன் இருக்கற நெலமையில நான் இன்னா பேசறது. நானும்தான் வெரலை வச்சுப் பாத்து ஓடும்னு சொன்னேன். நானும்தான் பாப்பா."

அன்று சாயங்காலம் அப்பா அடுப்பில் ரசம் வைத்திருந்தார். நான் பின்னால் நின்று சொன்னேன். "அப்பா, வண்டியில அரை டேங்க் டீசல் இருக்குது."

அவர் திரும்பவில்லை. அடுப்பை அணைத்தார். "தெரியும்," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரோடு தேவைக்கு மட்டும்தான் பேசினேன். சோறு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா, பள்ளிக் கட்டணத்துக்குக் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். ஆத்திரமாக இருந்தது. பெல்ட்டைத் தள்ளிப்போட்டதற்கு என்னால் அவ்வளவாகக் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் நீயும் அங்கே இருந்தாய், நானும் இருந்தேன். ஆனால் செத்துப்போன உன்மேல் ஒரு பொய் வந்து உட்காருகிறது, அவர் அதை விரட்டவில்லை. உன்னால் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது. அவரால் முடியும். அவர் சொல்லவில்லை. அதை எப்படி அம்மா பொறுத்துக்கொள்வது?

நானே ஸ்டாண்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். சொன்னால் அப்பா அந்த ரோட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் நீ டீசல் பார்க்கத் தெரியாதவளாகவே இருந்துவிடுவாய். இரண்டு பேரும் என்னுடையவர்கள்.

இன்றைக்கு ஆனிப் பௌர்ணமிக்கு முந்தின நாள். பள்ளிக்கூடம் விட்டதும் புதுச் சீருடை வாங்க அப்பாவும் நானும் கடைக்குப் போனோம். திரும்பும்போது அப்பா ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றார். எனக்குப் பால் சொன்னார். டிரைவர்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காரைச் சுற்றி நின்றார்கள். குமார் என்கிற புதுப் பையன் ஒருவன் அந்தக் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கடா சவாரி?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"விழுப்புரம்ணா."

"ரிசர்வ் லைட்டு எரியுது பார்றா. வழியில செல்வி ஆயிடப்போற."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்புகூட இல்லை. பழகிப்போன சிரிப்பு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதை அவர்கள் முதல் தடவையாகச் சொல்லவில்லை. டீசல் இல்லாமல் நடுவழியில் நிற்பதற்கு அந்த ஸ்டாண்டில் உன் பெயரை வைத்துவிட்டார்கள்.

குமார் எங்களைப் பார்த்துவிட்டான். கண்ணால் சைகை காட்டினான். ஏழுமலை அண்ணன் திரும்பினார். "அண்ணா, பாப்பாவோட எப்ப வந்த? டீ குடிச்சியா?" என்றார்.

இப்போது அப்பா பேசாவிட்டால் நான் பேசிவிடுவேன் என்று முடிவு செய்தேன். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அப்பா டீ கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"ஏழுமலை, அவ வண்டியில அரை டேங்க் டீசல் இருந்துச்சு."

"வுடுண்ணா, பசங்ககிட்ட ஏதோ தமாசுக்கு..."

"தமாசுதான். எம் பொண்டாட்டி பேர்ல." அப்பாவின் குரல் உயரவில்லை. "டைமிங் பெல்ட்டு அறுந்து நின்னுச்சு. பாய்கிட்ட இருக்குது, போய்ப் பாரு. ஐப்பசியிலயே மாத்தணும்னு கேட்டா. பௌர்ணமி போவட்டும்னேன். தீபம் போவட்டும்னேன். சீசன் போவட்டும்னேன். சவாரி ஒத்துக்கினது நானு. அன்னிக்கு நீ டீசலானு கேட்டப்ப, ஆமான்னு தலையாட்டினதும் நான்தான்."

குமார் இன்ஜினை அணைத்தான். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணா," என்றார் ஏழுமலை அண்ணன்.

"சொல்லியிருக்கலாம்."

"நாங்களும் அந்தம்மாவ..." அவர் முடிக்கவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல், "இருந்தாலும் செல்வி வண்டியை வுட்டு எறங்கியிருக்கக்கூடாதுண்ணா. உள்ளயே குந்திக்கினு இருந்திருந்தா..." என்றார். அப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

ஏழுமலை அண்ணன் தன் வண்டிப் பக்கம் போய் பானெட்டின்மேல் கை வைத்தார். "என் வண்டிக்கும் அந்தப் பெல்ட்டு எப்ப மாத்தினதோ தெரியல. வாங்கினதுலேருந்து தொடல. மாத்தணும்," என்றார். பிறகு, எப்போதும் வரும் அதே வேகத்தில் அவர் வாயில் வந்துவிட்டது. "இந்தப் பௌர்ணமி போவட்டும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார். அவர் போன் அடித்தது. சவாரிக்காரர்கள் விடுதி வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கையை மட்டும் லேசாகத் தூக்கினார். அவர் பெல்ட்டை மாற்றுவாரா என்று எனக்குத் தெரியாது. மாற்றினார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடக்காததை எழுதக்கூடாது.

இனிமேல் உன் பெயரை அங்கே அப்படிச் சொல்லமாட்டார்கள். அதைத்தான் நான் இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துணிப்பையை அவர்தான் தூக்கிவந்தார்.

சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அப்பா எதிரே தரையில் உட்கார்ந்து, என் சீருடையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா எழுதற?"

"அம்மாவுக்கு லெட்டர்."

"இன்னிக்கு நடந்ததையா?"

"எல்லாத்தையும்."

அவர் கையை நிறுத்தினார். "அப்ப இதையும் எழுது. பெல்ட்டுதான் போயிருக்கும்னு போன்லயே சொன்னா. செல்ஃப் அடிச்சா இன்ஜின் சும்மா சுத்துதுங்க, பிடிக்கலைனு சொன்னா. பனி ஜாஸ்தியா இருக்குது, ஒண்ணும் தெரியல, விடியற வரைக்கும் உள்ளயே இருக்கேனு சொன்னா. நான்தான் எறங்கி முக்கோணத்தை வைனு சொன்னேன். பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்லன்னு. அவ சரிங்கன்னா. அதுதான் கடைசி."

பேனாவை வைத்துவிட்டேன். அவர் அழவில்லை. "ஏழுமலைகிட்ட அதைச் சொல்ல வாய் வரல," என்றார். "நீ எழுதிடு."

எழுதிவிட்டேன், அம்மா. அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவிட்டேன்.

கையேட்டில் அந்தப் பக்கமும் எனக்கு நினைவிருக்கிறது. வண்டி சாலையில் நின்றுபோனால் முக்கோணத்தைப் பின்னால் வைக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. விவரம் தெரிந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது, அதுதான் காரணம். உன்னிடம் மறைக்க முடியாது.

நாளைக் காலையில் அவர் விடுதிக்குக் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். முக்கோணத்தை வைக்கச் சொன்னது தப்பில்லை என்று சொல்வேன். பெல்ட்டைத் தள்ளிப்போட்டது தப்பு என்றும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கமாட்டேன். இரண்டையும் கேட்டுவிட்டு அவர் என்ன ஆவார் என்று தெரியவில்லை. என்ன ஆனாலும் அவரோடு பேசாமல் இருக்கமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ விமான நிலையம் போகும் நாட்களில் வாசல் விளக்கை அணைக்காமல் விடுவோம். தை மாதத்திலிருந்து அது அப்படியே இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கலாம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது அப்பா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். வாசல் விளக்கை அணைத்தார். கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டார்; இந்தக் கடைசி வரியை உன் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
கயல்விழி